தாய்ப்பலகை மாற்றிய கணிப்பொறி ஏன் எழவில்லை?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

கணிப்பொறி என்றாலே குளிரூட்டிய அறையும் கண்ணாடிக் கதவும் நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்ததாக நம் பேராசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்றோ அது பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, தேநீர்க் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், தகரக் கூரையின் கீழ் இருக்கிறது. நம்மில் பலர் கல்லூரிக்கு விண்ணப்பம் நிரப்பியது அத்தகைய கடை ஒன்றில்தான். அங்குள்ள கணிப்பொறி ஒரு காலைப் பொழுதில் எழ மறுத்தால் அது எழுதியவர் வீட்டுத் துன்பம் மட்டுமன்று; வரிசையில் நிற்கும் இருபது பேரின் துன்பமும் ஆகும்.

எங்கள் ஊரிலும் அப்படி ஒரு கடை உண்டு. ஜெராக்ஸ், தட்டச்சு, இணையவழி விண்ணப்பம் எல்லாம் அங்கே நடக்கும். கடையை நடத்துபவரை ஊரார் அனைவரும் அக்கா என்றே அழைப்போம். கல்லூரி விட்டுச் சென்றபின் மாலை 6 மணி முதல் 9 மணி வரை நான் அங்கே வேலை செய்கிறேன். பேருந்துச் செலவும் புத்தகச் செலவும் அதில் அடங்கிவிடும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான்தான் முதல். அதற்கான விண்ணப்பத்தை அக்காவே தம் கணிப்பொறியில் நிரப்பித் தந்தார், காசு வாங்கவில்லை. அந்தக் கணிப்பொறி 2025ஆம் ஆண்டு மே மாதத்தில், பிளஸ் டூ முடிவுகள் வந்து விண்ணப்பக் கூட்டம் அலைமோதிய வாரத்தில், படுத்துவிட்டது.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். காரணம் கண்ணுக்கே தெரிந்தது. செயலியைச் சுற்றி நிற்கும் மின்தேக்கிகளில் நான்கின் தலை உப்பியிருந்தது. ஒன்றின் அடியில் பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. தாய்ப்பலகை, அதாவது கடைத்தெருவில் நாம் மதர்போர்டு என்று சொல்வது, தன் ஆயுளை முடித்துக்கொண்டிருந்தது. அது எச் 61 என்னும் சில்லுத் தொகுதி கொண்ட பலகை. இண்டெல் நிறுவனம் 2011இல் வெளியிட்ட தொகுதி அது. செயலியும் நினைவகமும் நன்றாகவே இருந்தன. ஆகவே அதே எச் 61 தொகுதி கொண்ட வேறொரு பழைய பலகையை வாங்கி மாட்டினால் போதும் என்று நான் அக்காவிடம் சொன்னேன். மாற்றுக் கூலியும் வேண்டாம், நானே மாட்டிவிடுகிறேன் என்றும் சொன்னேன். இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாட்டினேன். விசையை அழுத்தினேன். மின்விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது. திரை மட்டும் இருண்டு கிடந்தது.

பொறி எழும் வரிசை

இவ்விடத்தில் கதையை நிறுத்திவிட்டு, விசையை அழுத்தியதும் ஒரு கணிப்பொறிக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்ப்பது நல்லது. இது தெரியாமல் பழுது பார்ப்பது இருட்டில் கம்பு சுற்றுவதற்கு ஒப்பாகும்.

சுவரிலிருந்து வரும் மாறுமின்சாரத்தை எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. பொறி அணைந்திருக்கும்போதும், சுவர் இணைப்பு இருக்கும்வரை, ஒரு சிறு 5 வோல்ட் மட்டும் பலகைக்கு எப்போதும் போய்க்கொண்டிருக்கும். இதைக் காத்திருப்பு மின்சாரம் எனலாம். நண்பர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

விசையை அழுத்தியதும் மற்ற மின்னழுத்தங்கள் எழுகின்றன. அவை எழுந்த உடனேயே செயலி ஓடத் தொடங்கிவிடுவதில்லை. எல்லாம் உரிய அளவில், அதாவது 12 வோல்ட் என்றால் 11.4க்கும் 12.6க்கும் இடையில், நிலைத்துவிட்டனவா என்று மின்வழங்கி பார்க்கிறது. நிலைத்தபின், 100 முதல் 500 மில்லி நொடிக்குள், 'மின்சாரம் சரி' என்று ஒரு தனிக் கம்பியில் செய்தி அனுப்புகிறது. அதன் பிறகே செயலி விழிக்கிறது. விழித்த செயலிக்கு எதுவுமே தெரியாது. 4 ஜிகாபைட் எல்லைக்கு 16 பைட் கீழே இருக்கும் முகவரியிலிருந்து முதல் கட்டளையை எடு என்ற ஒரே பழக்கம் மட்டும் அதற்குள் பதிந்திருக்கிறது. அந்த முகவரியில் இருப்பது தாய்ப்பலகையில் பொருத்திய சிறு சில்லு. அதில் உள்ள நிரலைத்தான் பயாஸ் என்கிறோம். 1981இல் வந்த ஐபிஎம் நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறியிலும் இந்தப் பெயரே வழங்கியது.

பயாஸ் முதலில் நினைவகத்தைச் சோதிக்கிறது. பிறகு திரை, விசைப்பலகை, வன்தட்டு. எல்லாம் சரியென்றால் வன்தட்டின் முதல் பகுதியைப் படிக்கிறது. பழைய முறையில் அது வெறும் 512 பைட். அதில் 446 பைட் தொடக்க நிரல், 64 பைட் தட்டின் பிரிவினைக் கணக்கு, கடைசி 2 பைட் அடையாள முத்திரை. அந்தச் சிறு நிரல் இன்னொன்றை அழைக்க, அது விண்டோஸின் மூல நிரலை அழைக்க, இப்படி ஒன்று மற்றொன்றைக் கைதூக்கிவிட்டுக் கடைசியில் நாம் காணும் திரை வருகிறது.

இந்த வரிசை தெரிந்தவனுக்குப் பழுது பார்ப்பதில் ஒரே ஒரு கேள்விதான் முதல் கேள்வி: பொறி எதுவரை போயிற்று? போன தூரம் வரை உள்ள உறுப்புகள் எல்லாம் சரி. நின்ற இடத்திலும் அதற்கு அடுத்த இடத்திலும்தான் தேட வேண்டும். இந்தக் கேள்வியை நான் கண்டுபிடித்ததாக எண்ணிவிட வேண்டாம். அது யார் கேட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் இரவு

என் பொறி எதுவரை போயிற்று? விசிறி சுழன்றது; ஆகவே மின்வழங்கி வேலை செய்கிறது. ஆனால் திரையும் இல்லை, 'பீப்' ஒலியும் இல்லை. நினைவகம் கெட்டிருந்தாலாவது பயாஸ் ஓர் ஒலி எழுப்பி முறையிடும். முறையிடக்கூட ஆளில்லை என்றால் செயலியே விழிக்கவில்லை என்று பொருள்.

செயலிக்கு அருகில் நான்கு துளைகள் கொண்ட ஒரு சிறு இணைப்பு இருக்கிறது. அதில் செருக வேண்டிய கம்பியை நான் செருகவே இல்லை. அது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் கம்பிக் கூட்டத்தின் பின்னால் மடங்கிக் கிடந்தது. பெரிய 24 முனை இணைப்பைச் செருகியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

இந்தத் தனிக் கம்பி எதற்கு? இயற்பியல் மாணவர்கள் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இது. அந்தச் செயலி ஏறத்தாழ 65 வாட் திறன் இழுக்கக்கூடியது. அது உள்ளே ஓடுவதோ சுமார் 1 வோல்ட்டில். திறனை அழுத்தத்தால் வகுத்தால் 65 ஆம்பியர் வருகிறது. 65 ஆம்பியரை மின்வழங்கியிலிருந்து கம்பி வழியே கொண்டுவர வேண்டுமானால் விரல் பருமன் செம்புக் கம்பி வேண்டும். அப்போதும் அது சுடும். அதனால் 12 வோல்ட்டில் கொண்டுவருகிறார்கள். அப்போது வேண்டியது 5.4 ஆம்பியர்தான். செயலியின் அருகில் வந்தபின் அதை 1 வோல்ட்டாகக் குறைக்கிறார்கள். மின்நிலையத்திலிருந்து உயர் அழுத்தத்தில் கொண்டுவந்து, தெருமுனை மின்மாற்றியில் குறைத்து நம் வீட்டுக்குத் தருவதும் இதே கணக்குதான். முதலாண்டில் இதை ஐந்து மதிப்பெண் வினாவாக எழுதியிருக்கிறேன். பெட்டிக்குள் பார்க்கும்போது அது நினைவுக்கு வரவில்லை! மின்தேக்கிகள் செயலியைச் சுற்றியே உப்பியதற்கும் காரணம் இதுதான். அழுத்தம் குறைக்கும் அந்த இடத்தில்தான் சூடும் மின்னோட்டமும் மிகுதி.

நான்கு முனைக் கம்பியைச் செருகியதும் பொறி பேசியது. விட்டுவிட்டுக் கத்தியது. நினைவகச் சட்டம் சரியாக அமராததுதான் காரணம். அதைக் கழற்றி, பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, இருபுறக் கொக்கியும் 'டக்' என்று விழும்வரை அழுத்தினேன். கத்தல் நின்றது. திரையில் எழுத்து வந்தது. எஃப் 1 விசையை அழுத்து என்று ஏதோ ஒரு வரி ஓடியது, அழுத்தினேன். விண்டோஸின் நான்கு வண்ணக் கொடி மலர்ந்தது. அக்கா கைதட்டினார்.

கொடி மலர்ந்து ஐந்தாறு நொடி இருக்கும். நீலத்திரை ஒன்று மின்னி மறைந்து, பொறி மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. மீண்டும் கொடி, மீண்டும் நீலம். கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது, வரிசையான பூஜ்யங்களுக்குப் பின்னால் 7பி என்ற குறி தெரிந்தது.

மறுநாள் காலையில் அக்கா பக்கத்து ஊரிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணனை வரவழைத்தார். அவர் அனுபவசாலி, நல்லவரும்கூட. திரையைப் பார்த்ததும், "ஓ.எஸ். போயிடுச்சு அக்கா. ஃபார்மட் அடிச்சிட்டா அரை மணி நேரத்துல ரெடி" என்று சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார்.

அந்த வன்தட்டில் என்ன இருந்தது என்று சொல்லாவிட்டால் இந்தக் கட்டத்தின் கனம் விளங்காது. 2012 முதல் அக்கா தட்டச்சு செய்த பத்திர மாதிரிகள், பள்ளிகளின் வினாத்தாள்கள், ஊராட்சியின் மனுக்கள், ஊரில் யார் யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு. பாதிக்கு மேல் பழைய வானவில் எழுத்துருவில் அடித்தவை. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் நாளோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன என்பது அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் அவருடைய எழுத்துருவும் அச்சுப்பொறியும் அதில்தான் ஒத்துப் போகின்றன. நகல் எடுத்து வைத்திருக்கிறாரா என்றால், இல்லை. நம்மில் எத்தனை பேர் எடுத்து வைத்திருக்கிறோம்?

அக்கா என்னைப் பார்த்தார். "என்ன தம்பி செய்யலாம்?" என்றார். பலகை வாங்கச் சொன்னவன் நான், மாட்டியவனும் நான். "ஒரு நாள் பொறுங்க அக்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், கூட்டமான வாரத்தில் ஒரு நாள் என்பது அவருக்கு எவ்வளவு நட்டம் என்று உறைத்தது. மெக்கானிக் அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி பாரு தம்பி, முடியலேன்னா கூப்பிடு" என்று போய்விட்டார்.

வீட்டில் சாப்பிடும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா பிறர் வயலில் மோட்டார் போட்டு நீர் பாய்ச்சுபவர். கணிப்பொறியைத் தொட்டதில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "மோட்டாரு ஓடலேன்னா ஸ்டார்ட்டரைப் பாப்பான், ஃபியூஸைப் பாப்பான். கிணத்தையா மூடுவான்?" என்றார்.

பேராசிரியரின் கேள்வி

தேர்வுப் பணிக்காகக் கல்லூரிக்கு வந்திருந்த எங்கள் மின்னணுவியல் பேராசிரியரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் உடனே விடை சொல்லவில்லை. முதலில், "வன்தட்டைக் கழற்றி வேறு பொறியில் மாட்டி, கோப்புகளை நகல் எடுத்துவிட்டாயா?" என்றார். இல்லை என்றேன். "அதைச் செய்துவிட்டு வா" என்றார். நண்பன் ஒருவன் வீட்டுக் கணிப்பொறியில் அதை இரண்டாவது தட்டாக மாட்டினேன். கோப்புகள் அனைத்தும் திறந்தன. நகலெடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் திரையில் நகரும் பச்சைப் பட்டையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

திரும்பிச் சென்றபோதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "பொறி எதுவரை போயிற்று?"

கொடி தெரியும் வரை என்றேன்.

"அந்தக் கொடியின் படம் எங்கே இருக்கிறது?"

வன்தட்டில்.

"அப்படியானால் வன்தட்டைப் படிக்க முடிந்திருக்கிறது. பிறகு ஏன் படிக்க முடியவில்லை என்கிறது?"

7பி என்னும் குறியின் பொருளே அதுதான். தான் எந்தத் தட்டிலிருந்து எழுந்ததோ அந்தத் தட்டையே அணுக முடியவில்லை என்று விண்டோஸ் சொல்கிறது. தட்டிலிருந்து வந்தவனே தட்டைக் காணோம் என்கிறான். கேட்பதற்கு வேடிக்கை, ஆனால் விடை இந்த வேடிக்கையில்தான் இருக்கிறது.

தொடக்கத்தில் வன்தட்டைப் படித்துத் தருவது பயாஸ். விண்டோஸின் மூல நிரலும் தொடக்கத்துக்கு வேண்டிய சில இயக்கிகளும் நினைவகத்தில் ஏறும்வரை பயாஸ்தான் துணை. ஏறியபின் விண்டோஸ், 'இனி நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று தன் சொந்த இயக்கியால் தட்டைப் படிக்கத் தொடங்குகிறது. நடு ஆற்றில் படகோட்டி மாறுவது போன்றது இது. புதிய படகோட்டிக்கு அந்தத் துடுப்பைப் பிடிக்கத் தெரியாவிட்டால் படகு அங்கேயே நிற்கும்.

துடுப்பு ஏன் மாறியது? வன்தட்டைப் பலகையோடு இணைக்கும் சாட்டா இணைப்பைப் பயாஸில் இரண்டு விதமாக அமைக்கலாம். ஒன்று ஐடிஇ என்னும் பழைய முறை. மற்றது ஏஹெச்சிஐ என்னும் புதிய முறை. அக்காவின் பழைய பலகை ஐடிஇயில் அமைந்திருந்தது. 2012இல் விண்டோஸ் 7ஐப் பதித்தபோது அது ஐடிஇ இயக்கியை மட்டும் தொடக்கப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, தேவையில்லாத ஏஹெச்சிஐ இயக்கியைத் தூங்க வைத்துவிட்டது. நான் வாங்கி வந்த பலகையின் இயல்பான அமைப்போ ஏஹெச்சிஐ. பலகை இரண்டும் எச் 61தான். செயலி அதே செயலி. தட்டு அதே தட்டு. ஓர் அமைப்பு மட்டும் மாறியிருந்தது.

இதிலிருந்து எனக்குப் புலப்பட்டதை இக்கட்டுரையின் நடுக் கருத்தாகக் கொள்ளலாம். கணிப்பொறியின் நினைவெல்லாம் வன்தட்டில் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். அப்படியன்று. தட்டை எப்படிப் படிப்பது, எதிலிருந்து எழுவது, இன்று என்ன தேதி என்பன போன்ற சில செய்திகள் தாய்ப்பலகையில் இருக்கின்றன. பலகையைக் கழற்றி எறியும்போது அவற்றையும் சேர்த்து எறிகிறோம். புதிய பலகை தன் சொந்த எண்ணங்களோடு வருகிறது. தட்டு பழையதையே நினைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் பேச்சு ஒத்துவராதபோது பொறி எழுவதில்லை. தட்டின் மேல் குற்றமே இல்லை.

கடைக்குப் போய், பொறி தொடங்கியதும் டெலிட் விசையை அழுத்திப் பயாஸுக்குள் நுழைந்து, சாட்டா அமைப்பை ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாற்றிப் பதிந்தேன். எழுந்தது. அரை நிமிட வேலை! நீலம் வரவில்லை. அக்காவின் பழைய முருகன் படம் பின்திரையில் அப்படியே இருந்தது.

விண்ணப்ப இணையதளம் மட்டும் திறக்கவில்லை. பாதுகாப்பில்லை என்று எச்சரித்தது. பார்த்தால் பொறியின் தேதி 2012 ஜனவரி 1. இணையதளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பொறியின் தேதி அதற்குள் அடங்காவிட்டால் உலவி ஏற்காது. தேதியைத் திருத்தினேன், தளம் திறந்தது. தேதி ஏன் தவறாக இருந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அங்கேதான் சறுக்கினேன்.

மறுநாள் காலை

காலை 8 மணிக்குக் கைப்பேசி அடித்தது. "தம்பி, மறுபடியும் நீலமா வருது."

ஓடினேன். அதே 7பி. பயாஸைத் திறந்தால், முந்திய நாள் நான் ஐடிஇ என்று மாற்றிய இடத்தில் ஏஹெச்சிஐ என்று இருந்தது. தேதி மீண்டும் 2012 ஜனவரி 1. மாற்றினேன், எழுந்தது. பகல் முழுவதும் நான்கைந்து முறை அணைத்து அணைத்துப் போட்டேன். ஒரு முறையும் தவறவில்லை. அடுத்த நாள் காலை மீண்டும் நீலம்.

பகலில் வராத நோய் இரவில் மட்டும் வருவானேன்? யோசித்தபோது ஒரு வேறுபாடு தெரிந்தது. பகலில் பொறியை மட்டும்தான் அணைக்கிறோம். இரவில் கடையைப் பூட்டும்போது அக்கா சுவரில் உள்ள முதன்மை விசையையும் அணைத்துவிடுவார். முன்னே மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தக் காத்திருப்பு 5 வோல்ட், அது பகலில் இருக்கிறது; இரவில் இல்லை. இரவில் அந்தப் பலகையின் அமைப்புகளையும் கடிகாரத்தையும் காப்பாற்ற வேண்டியது பலகையில் உள்ள பொத்தான் மின்கலம் மட்டுமே.

நாணயம் போன்ற அந்தக் கலத்தின் பெயர் சிஆர் 2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். 3 வோல்ட் தரும். நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தை அது ஓட்டிக்கொண்டிருக்கிறது. இந்த எண் தற்செயல் அன்று. 2இன் 15ஆம் அடுக்கு அது. பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக நொடிக்கு ஒன்று வரும். பொறி அணைந்திருக்கும்போதும் அதற்குத் தேதி தெரிவது இதனால்தான்.

பல்பொருள் மின்னளவியை எடுத்துப் போய்க் கலத்தை அளந்தேன். 1.2 வோல்ட் காட்டியது. பழைய பலகையோடு பல ஆண்டு அலமாரியில் கிடந்து தீர்ந்த கலம். இரவில் மின்சாரம் நின்றதும் பலகை எல்லாவற்றையும் மறந்து, தன் இயல்பான ஏஹெச்சிஐக்கும் 2012க்கும் திரும்பியிருக்கிறது.

அப்போதுதான் அந்த எஃப் 1 வரி நினைவுக்கு வந்தது. பொறி தொடங்கும்போது ஓடிய அந்த வரியை முதன்முறையாக நிறுத்திப் படித்தேன். 'அமைப்புகள் பிழை, தேதியும் நேரமும் அமையவில்லை, தொடர எஃப் 1 அழுத்தவும்' என்ற பொருளில் இருந்தது. முதல் நாள் இரவிலிருந்தே அது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் எஃப் 1 என்பதை மட்டும் படித்தேன். அக்காவும் காலைதோறும் அதையே செய்திருக்கிறார்.

கைக்கடிகாரக் கடையில் கலத்தின் விலை 30 ரூபாய். மாற்றி, ஐடிஇ என்று பதிந்து, தேதியைத் திருத்தி, அன்றிரவு முதன்மை விசையை நானே அணைத்தேன். விடிந்ததும் கடைக்குப் போனேன். எழுந்தது.

பழைய அமைப்பிலேயே ஏன் விட்டாய், புதிய முறை வேகமானதாயிற்றே என்று கணிப்பொறி அறிவியல் நண்பர்கள் கேட்கக்கூடும். ஏஹெச்சிஐ இயக்கியை விண்டோஸின் பதிவேட்டில் எழுப்பிவிட்டுப் பிறகு பயாஸில் மாற்றுவது இயலக்கூடியதே. விண்டோஸ் 10இல் இன்னும் எளிது. ஒரு முறை பாதுகாப்பு நிலையில் எழுப்பினால் அதுவே இயக்கியைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் கூட்டமான வாரத்தில் ஓடுகிற பொறியை மேலும் சீர்திருத்த எனக்குத் துணிவில்லை.

புதிய பொறிகளில்

மேற்கூறியது பழைய முறை. யூஇஎஃப்ஐ என்னும் புதிய முறை கொண்ட பொறிகளில் பலகையின் நினைவு இன்னும் மிகுதி. எந்தத் தட்டின் எந்தக் கோப்பிலிருந்து எழ வேண்டும் என்ற குறிப்பே பலகையின் சில்லில் எழுதப்பட்டிருக்கும். பலகை மாறினால் அந்தக் குறிப்பும் போய்விடும். தட்டில் பொதுவான இடத்தில் ஒரு மாற்றுத் தொடக்கக் கோப்பு இருந்தால் பொறி அதைப் பிடித்துக்கொண்டு எழும். இல்லையேல், எழுவதற்குரிய தட்டு இல்லை என்று சொல்லி நிற்கும். அப்போதும் தட்டு கெட்டதென்று பொருளில்லை. குறிப்பை மீண்டும் எழுதிக் கொடுத்தால் போதும். பழைய முறையில் பிரித்த தட்டைப் புதிய பலகையில் மாட்டும்போது, பழைய முறைக்கு இடந்தரும் சிஎஸ்எம் என்ற அமைப்பு அந்தப் பலகையில் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பலகை மாற்றுவது உண்மையிலேயே ஆபத்து. பிட்லாக்கர் என்னும் பூட்டு போட்ட தட்டுகளில், திறவுகோல் பலகையிலோ செயலியிலோ உள்ள டிபிஎம் என்னும் பாதுகாப்புப் பகுதியோடு கட்டப்பட்டிருக்கும். பலகை மாறினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லையென்றால் நான் நண்பன் வீட்டில் செய்தது போலக் கோப்புகளை நகலெடுக்கவும் இயலாது. மடிக்கணினி வைத்திருக்கும் நண்பர்கள், தம் பொறியில் அந்தப் பூட்டு இருக்கிறதா என்று இன்றே பார்த்து, இருந்தால் அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைக்கவும். அந்த மடிக்கணினிக்குள்ளேயே எழுதி வைக்க வேண்டாம்.

மெக்கானிக் அண்ணன் பிறகு ஒரு நாள் கடைக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன். "செல்லா? அதைப் பாக்கணும்னு தோணலையே" என்று சிரித்தார். அவரிடம் நாளுக்குப் பத்துப் பொறி வருகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு பகல் உட்கார்ந்தால் அவர் வீட்டில் அடுப்பெரியாது. எனக்கு ஒரு பொறிதான் இருந்தது, கேட்டுச் சொல்ல ஒரு பேராசிரியரும் இருந்தார். இப்போது அவர், ஃபார்மட் செய்யுமுன் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். நான் அவரிடம் மின்தேக்கி மாற்றுவதற்குப் பற்றவைப்புக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அக்காவின் பழைய பலகைதான் எங்கள் பாடப்புத்தகம்.

அக்காவின் பொறிப் பெட்டிக்குள், பக்கத் தகட்டின் உட்புறம், ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். சாட்டா: ஐடிஇ. முதலில் எழ வேண்டியது: வன்தட்டு. மின்கலம் மாற்றிய மாதம்: மே 2025.

எங்கள் துறை ஆய்வகத்தின் மூலையில் மூன்று கணிப்பொறிகள் 'பழுது' என்ற சீட்டோடு நெடுநாளாக நிற்கின்றன. பேராசிரியரின் இசைவோடு இவ்வாண்டு அவற்றைத் திறந்தோம். ஒன்றில் மின்கலம் தீர்ந்திருந்தது. 30 ரூபாயில் எழுந்துவிட்டது. இன்னொன்றில் நினைவகச் சட்டம் தளர்ந்திருந்தது. மூன்றாவது, 'மின்சாரம் சரி' என்ற செய்தி வரும்வரை போகிறது. அதற்கு மேல் நகரவில்லை. அடுத்த சனிக்கிழமை பிற்பகல் அதை மீண்டும் திறக்கிறோம். பார்க்க விரும்பும் முதலாண்டு மாணவர்கள் வரலாம்.